அத்தோவும் கடுகெண்ணெயும்

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது காட்டூரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“பின்னாடி போர்ஷன் கேட்டு நாலு பசங்க வந்துட்டுப் போறாங்கடா. காட்டுப்பள்ளில வேலையாம். இந்திக்காரப் பசங்க. இன்னா சொல்றது?”

“நீ இன்னா நினைக்கற?”

“வேணான்னுதான். கடுகெண்ணெ ஊத்தி சமைப்பானுங்க, வீடு பூரா நாத்தம் புடிச்சிக்கும். மேஸ்திரி அந்தப் பையன் நம்பரக் குடுத்துருக்கான். எனக்கு அவங்க பேசறது புரியல. நீயே மெசேஜ் போட்டுடு.”

தட்டைக் கல்லாப் பெட்டி ஓரமாக வைத்துவிட்டு போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தேன். ‘வீடு ஏற்கெனவே வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, மன்னிக்கவும்’ என்று தமிழில் தட்டினேன். அது இந்தியானது. அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: ‘ஓகே சார், தேங்க் யூ சார்.’ அதன்பிறகு வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு மீஞ்சூர் வண்டியைப் பிடித்தேன்.

நான் சொன்னது பொய். போர்ஷன் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு என்னை உறுத்தியது அந்தப் பொய் இல்லை. வண்டி கொருக்குப்பேட்டை தாண்டும்போதுதான் வேறொன்று தோன்றியது. என் ஒரு கையில் இருந்தது, நாட்டைவிட்டு விரட்டப்பட்டு வந்தவர்களின் சாப்பாடு. இன்னொரு கையால், பிழைக்க வந்தவர்களை அவர்களுடைய சாப்பாட்டைக் காரணம் சொல்லி விரட்டியிருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தடுமாற்றமின்மையைப் பற்றியது.

*

அத்தோ தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு நிறத்தில் தடியான நூடுல்ஸ். அதில் முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை, உப்பு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு அடையை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். வேகவைத்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் அடைத்துத் தருவதும் உண்டு. சூப்பிலேயே நூடுல்ஸ் போட்டால் அதற்குப் பெயர் மொய்ங்கா.

பர்மிய மொழியில் ‘தோ’ என்பது கையால் பிசைந்து கலப்பதைக் குறிக்கும் சொல். காய், இஞ்சி, தேயிலை, நூடுல்ஸ் என்று அங்கே எதையும் அப்படிப் பிசைந்து சாப்பிடுவார்கள். நம் ஊரில் அந்தப் பொதுப்பெயரே ஒரே ஒரு பண்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது.

இது இங்கே வந்த வரலாறு ரொம்பப் பழையதில்லை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் வங்கிகள், ஆலைகள், கடைசியில் சின்னக் கடைகள்கூட அரசுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடை வைத்திருந்த இந்தியனுக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. மூன்று லட்சம் பேர்வரை வெளியேறியதாகச் சொல்வார்கள். அவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். நகையும் பணமும் கொண்டுவர முடியாமல் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னை முழுக்கக் குடியமர்ந்தார்கள். 1969இல் பீச் ஸ்டேஷன் எதிரே நடைபாதையோரம் அவர்களுக்காகக் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் பர்மா பஜார்.

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு ஒருவரிடம் மிஞ்சுவது கைப்பழக்கம். எந்தப் பதத்தில் பூண்டைப் பொரிக்க வேண்டும், எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்பதை சுங்கத்துறை பறிக்க முடியாது. அதை வைத்துத்தான் பலர் பிழைத்தார்கள். முதலில் அவர்கள் குடியிருந்த தெருக்களில் அவர்களுக்காக மட்டும் விற்றார்கள். பிறகு துறைமுகத் தொழிலாளி சாப்பிட்டார். பிறகு ஆபீஸ்காரர்கள். பிறகு என்னைப் போன்ற கல்லூரிப் பையன்கள். இப்போது அதை வடசென்னையின் அடையாளம் என்கிறோம்.

பர்மாவில் சாப்பிடும் நூடுல்ஸும் இதுவும் ஒன்றில்லை. அங்கே அதில் மீன்சாறு, உலர்ந்த இறால் பொடி, கடலைமாவு எல்லாம் சேரும். நம் தள்ளுவண்டியில் மீன்சாறு பெரும்பாலும் காணோம். புளியும் மிளகாயும் தூக்கலாகிவிட்டன. எதிரில் நின்று சாப்பிடுகிறவனின் நாக்கைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

*

அத்தோவின் கதையை நாம் பாதிதான் சொல்கிறோம். மறுபாதி பர்மாவில் நடந்தது.

1937வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள், வயலிலும் ஆலையிலும் கூலி வேலை செய்த தமிழர்கள், வட்டிக்கடை நடத்திய நகரத்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் வட்டிக்கடைக்குப் போயின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் 1938வாக்கில் செட்டியார்கள் கையில் இருந்தது. ஆக, அங்கே தமிழன் ஒடுக்கப்பட்ட கூலி மட்டும் இல்லை. நிலத்தைப் பிடுங்கியவனாகவும் இருந்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் வெடித்தபோது செத்தவர்கள் மூட்டை தூக்கியவர்கள். வட்டிக்கு விட்டவர்கள் இல்லை. கோபம் எப்போதும் கைக்கு எட்டுகிற ஆள்மேல்தான் இறங்கும்.

இதே காலத்தில்தான் பர்மியர்கள் நம் சாப்பாட்டைச் சாப்பிடப் பழகினார்கள். இன்றைக்கும் அங்கே டீக்கடைதான் ஊரின் மையம். பால் ஊற்றிக் கொதிக்கவைத்த டீயும், அதோடு சமோசாவும், ‘பலாட்டா’ என்கிற பரோட்டாவும் இந்தியர்கள் கொண்டுபோனவை. ‘டான்பவுக்’ என்பது நம் தம் பிரியாணி. சமோசாவை வெட்டி, வெங்காயமும் முட்டைக்கோஸும் புளியும் சேர்த்துப் பிசைந்து ‘சமூசா தோ’ என்று தருகிறார்கள். அதாவது அத்தோவின் சொந்தச் சகோதரி. நம் சமோசா அங்கே போய்ப் பிசையப்பட்டது. அவர்கள் நூடுல்ஸ் இங்கே வந்து பிசையப்பட்டது.

பர்மியர்கள் பலாட்டாவை விரும்பிச் சாப்பிட்டார்கள். அதைச் சுட்டவனை ‘கலா’ என்று வசைச்சொல்லால் கூப்பிட்டார்கள். 1964க்குப் பிறகு அவன் கப்பலேறினான், பலாட்டா அங்கேயே தங்கிவிட்டது. ஒரு தலைமுறை முழுக்க தினமும் காலையில் அவன் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஒரு கப்பலைக்கூட நிறுத்தவில்லை.

‘உணவு மனிதர்களை இணைக்கிறது’ என்று உணவுத் திருவிழா பேனர்களில் எழுதுகிறார்கள். யூட்யூப் காணொலிகள் அந்த வரியோடுதான் முடிகின்றன. நானும் நம்பியிருந்தேன். ரங்கூன் டீக்கடை அந்த வரியை நம்பவிடாமல் செய்கிறது.

*

இதற்கு உலகமே சொல்லும் எதிர் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் இத்தாலியர்கள். 1880க்கும் 1924க்கும் இடையில் சுமார் நாற்பது லட்சம் பேர், பெரும்பாலும் சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் பக்கத்து ஏழைகள், அமெரிக்காவில் இறங்கினார்கள். ஊரில் இறைச்சியைப் பண்டிகைக்குத்தான் பார்த்தவர்கள். அமெரிக்காவில் மாட்டிறைச்சி மலிவு. அதனால் பாஸ்தா மேல் பெரிய பெரிய கறி உருண்டைகளை வைத்தார்கள். உலகம் முழுக்க இத்தாலியச் சாப்பாடு என்று கொண்டாடுகிற ‘ஸ்பகெட்டி அண்ட் மீட்பால்ஸ்’ இப்படிப் பிறந்ததுதான். இத்தாலியில் தேடினால் அது அந்த வடிவத்தில் கிடைக்காது. பசியோடு வந்தவன் புது ஊரில் வயிறு நிறைந்ததைக் கொண்டாடிய பண்டம் அது. பிறகு பீட்சா வந்து, அமெரிக்காவின் தேசிய உணவு மாதிரியே ஆகிவிட்டது.

சாப்பாட்டால் ஒரு சமூகம் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்பார்கள். ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1891இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியர்களைக் கொன்றது. 1905இல் நியூயார்க்கில் பீட்சா கடை இருந்தது. 1924இல் இத்தாலியர்கள் வருவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும் குடியேற்றச் சட்டம் வந்தது. 1941 டிசம்பரில் போர் தொடங்கியதும், குடியுரிமை பெறாத சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்கள் ‘எதிரி நாட்டவர்’ பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குள் அமெரிக்கர்கள் இரண்டு தலைமுறையாக ஸ்பகெட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தாலியர்கள் பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்தான். அது பீட்சாவால் நடக்கவில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகள் குடிமக்களானார்கள், ஓட்டுப் போட்டார்கள், தொழிற்சங்கங்களில் சேர்ந்தார்கள், ராணுவத்தில் போரிட்டார்கள். காலப்போக்கில் ‘வெள்ளையர்’ என்ற வட்டம் அகன்று அவர்களையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின மக்களின் சமையல்தான் அமெரிக்கத் தென்மாநிலங்களின் சாப்பாட்டையே உருவாக்கியது. அவர்களுக்கு அந்தச் சமையல் எந்தக் கதவையும் திறந்துவிடவில்லை.

மென்பொருள் வேலையில் அடிக்கடி செய்கிற தப்பு ஒன்று: இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடந்தால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்டி, தப்பான இடத்தில் பழுது பார்ப்பது. சாப்பாடு பரவுவதும் மனிதர்கள் ஏற்கப்படுவதும் சில இடங்களில் சேர்ந்தே நடந்திருக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டாமா?

*

அதைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. எங்கள் ரயில் பாதையிலேயே, மீஞ்சூரிலிருந்து வடக்கே. முப்பது வருஷங்களுக்கு மேலாக இருக்கிறது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். அங்கே இருப்பவர்கள் பேசுவது தமிழ், சமைப்பது புட்டு, இடியப்பம், சொதி, சம்பல். அத்தோவைவிட நம் நாக்குக்கு எவ்வளவோ நெருக்கம்.

ஆனாலும் வடசென்னையில் சொதி ஒரு தெருச் சாப்பாடாக ஆகவில்லை. நான் பன்னிரண்டு வருஷம் அந்த வண்டியில் போய்வந்திருக்கிறேன், ஒரு தள்ளுவண்டிகூடப் பார்த்ததில்லை. ருசி போதாமலா? பர்மாவிலிருந்து வந்தவர்கள் தாயகம் திரும்பியவர்கள் என்ற பெயரில் வந்தார்கள். குடியிருக்க இடம், கடை போட நடைபாதையில் ஒரு துண்டு, ஓட்டுரிமை எல்லாம் கிடைத்தன. எல்லாருக்கும் சரியாகக் கிடைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் கிடைப்பதற்கு வழி இருந்தது. முகாமில் இருப்பவர்களுக்கு வருகைப் பதிவு உண்டு. கடன், உரிமம், சொந்தப் பெயரில் சொத்து என்று எதைத் தொட்டாலும் ‘நீ எந்த நாட்டுக் குடிமகன்’ என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் அவர்கள் பெயர் அதில் இல்லை. நிறையப் பேர் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். பெயின்ட் டப்பாவில் சமையல் தெரியாது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். முதலில் இடம், பிறகுதான் ருசி. ஒரு நாட்டின் சாப்பாட்டை மாற்றிய குடியேறிகள் என்று நாம் கொண்டாடுகிற எல்லாரும், தங்கிக் கடைபோட அனுமதிக்கப்பட்ட குடியேறிகள். அனுமதிக்கப்படாதவர்களின் சமையல், அடைத்த கதவுக்குப் பின்னால் அவர்களோடேயே முடிந்துபோகிறது. ருசியைப் பார்த்து மனிதர்களை ஏற்கலாம் என்று காத்திருந்தால், அந்த ருசி நம்மிடம் வந்து சேரவே சேராது.

*

நாம் கொண்டாடுகிற இன்னொரு கதையும் இருக்கிறது. மலேசியாவின் மாமாக் கடைகள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கம்பை வைத்து, சோறும் குழம்பும் சுமந்து விற்றதுதான் ‘நாசி கண்டார்’. ‘மாமாக்’ என்ற பெயரே நம் ‘மாமா’விலிருந்து போனது. ரொட்டி சனாய், தே தாரிக் இல்லாமல் மலேசியாவில் விடியாது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் நாசி லெமாக்கோடு ரொட்டி சனாயும் தே தாரிக்கும் உண்டு. என் வாட்ஸாப் குழுவில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். ‘உலகுக்கே சோறு போட்டவன் தமிழன்’ என்று ஒருவர் போட்டார், நான் ஹார்ட் போட்டேன்.

பினாங்கில்தான் 2016 முதல், சாலையோரக் கடைகளில் முக்கியமான உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்ற விதி வந்தது. குடியேறிகளின் கைகளால் உருவான ஒரு தெருச் சமையலைக் காப்பாற்ற, புதிதாக வந்த குடியேறியின் கையைத் தடுக்கிறார்கள்.

சிரிப்பதற்கு முன்னால் நம் பக்கம் பார்க்கலாம். அதே வாட்ஸாப் குழுவில் ‘பானிபூரி’ என்றால் ஒரு பண்டம் இல்லை, ஓர் ஆள். 2022இல் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே, இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரிதானே விற்கிறார்கள் என்ற அர்த்தத்தில் பேச்சு வந்தது. கைதட்டல் கேட்டது. இந்தித் திணிப்பை எதிர்க்க எத்தனையோ நல்ல வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு. அதற்கு ஒரு தள்ளுவண்டிக்காரனின் பிழைப்பைக் கேலியாக்க வேண்டியதில்லை. பினாங்கில் காவடி தூக்கி சோறு விற்றவனை அங்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை நிரூபித்தது, வழக்குப் போட்டது. சரிதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் அதை நம்பிப் பயந்தார்களே, ஏன்? நம் தினசரிப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்துகொண்டுதானே இருந்தது?

*

சரி, இப்போது நேர்க் கேள்விக்கு வருகிறேன். ஒருவருடைய சாப்பாட்டைச் சாப்பிடுவதால் அவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

இல்லை என்பவர்களின் வாதம் எளிமையானது. அவன் விற்றான், நான் காசு கொடுத்தேன், கணக்கு முடிந்தது. அத்தோவுக்கு நான் கொடுத்த பணத்தில் பர்மா அகதிகளின் வரலாறு சேர்த்தி இல்லை. இந்த வாதத்தை நான் முழுசாகத் தள்ளவில்லை. சொல்லப்போனால் எனக்கு ‘கடன்’ என்ற சொல்லே பிடிக்கவில்லை. ருசியான சாப்பாடு தந்ததால்தான் ஒருவருக்கு வீடு தர வேண்டும் என்றால், சமைக்கத் தெரியாதவன் எங்கே போவான்? அப்போது பர்மாக்காரருக்கு மரியாதை, பெயின்ட் அடிப்பவருக்கு இல்லை என்றாகிவிடும். ஒருவன் தங்குவதற்கான உரிமையை அவன் நமக்கு எவ்வளவு இனிக்கிறான் என்பதை வைத்து அளப்பது, கசந்த அன்றைக்கு அனுப்பிவிடலாம் என்பதற்கு முன்னேற்பாடு.

ஆனால் காசு கொடுத்ததோடு முடியாத ஒன்றும் இருக்கிறது. என் நாக்கு மாறிவிட்டது. பொரித்த பூண்டு வாசம் வந்தால் எனக்குப் பசிக்கிறது. இந்தப் பசி எங்கள் பாட்டிக்கு இருந்ததில்லை. விரட்டப்பட்டு வந்த யாரோ என் உடம்புக்குள் ஒரு பழக்கத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே ‘வெளியாள் சாப்பாட்டு நாற்றம் நமக்கு ஒத்துக்காது’ என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஒத்துக்கொள்ளும் என்பதற்கு நானே சாட்சி. அத்தோ என்னைக் கடனாளி ஆக்கவில்லை. நான் சொல்லக்கூடிய ஒரு சாக்கை எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அம்மா தரப்பையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் பெண். முன்பின் தெரியாத நாலு ஆம்பளைகள். சுற்றிலும் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்த பிறகு கழிமுகத்தில் மீன் குறைந்துவிட்டது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலையும் பெரிசாகக் கிடைக்கவில்லை. துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்திய ஊர்கள் எங்களுடையவை. காண்ட்ராக்டர் குறைந்த கூலிக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரும்போது எரிச்சல் வராமல் இருக்காது. ரங்கூனில் நிலத்தை இழந்த விவசாயிக்கும் அதே எரிச்சல்தான் இருந்திருக்கும். அந்தக் கோபம் வட்டிக்கடைக்குப் போகாமல் மூட்டை தூக்கியவனிடம் போனது. எங்கள் கோபமும் கூலியை நிர்ணயிப்பவரிடம் போகாமல், பின்னாடி போர்ஷன் கேட்டு வந்த பையனிடம் போகிறது.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம் மாதிரி ஊர்களில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவனுக்கே போகாது. பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள இவ்வளவு நியாயமான ஏற்பாடு நான் படித்த பொறியியலில் இல்லை. அம்மா அப்படிப்பட்ட ஒரு குப்பத்தில் பிறந்தவள். எனக்கு அதில் பெருமை. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அந்த நியாயம். பெயர் இல்லாதவர்கள் கரையோரம் கையால் இறால் தடவுகிறார்கள். அவர்களுக்கும் ஏரியில் பங்கு வேண்டும் என்ற சண்டை ரொம்ப காலமாக நடக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இடையே நியாயமாக இருப்பது கஷ்டமில்லை. சீட்டில் புதுப்பெயர் எழுதலாமா என்ற இடத்தில்தான் நியாயம் சோதிக்கப்படுகிறது.

*

சென்னையில் நான் வீடு தேடிய காலத்தில் ஒரு தரகர் முதல் கேள்வியாகவே “சார் வெஜ்ஜா?” என்பார். நாலு இடத்தில் அதோடு முடிந்தது. ஐந்தாவது இடத்தில் பொய் சொல்லிக் குடிபோனேன். எட்டு மாதம் வீட்டுக்குள் மீன் வறுக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை ஆபீஸ் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். “நாத்தம்” என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த மெசேஜை அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அத்தை கடையில் மீன் வாங்க நின்றேன். ரோட்டோரம் பலகை போட்டு விற்கிறாள். ஒரு பையன் சைக்கிளில் வந்து இறங்கினான். கூடையில் கைவிட்டு மடவை ஒன்றை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். இன்னொன்றை எடுத்து வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்தான்.

“இவன் மீன் தெரிஞ்சவன்டா, ஏமாத்த முடியாது. நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு இப்பலாம் செவுளு பாக்கத் தெரியல” என்றாள் அத்தை.

எந்த ஊர் என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில், ஒடிசா, சிலிகா என்றான். சிலிகா ஏரிக்கரை. இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது. இரண்டாவது எங்களுடையது. அங்கேயும் மீன்பாடு குறைந்துபோய்த்தான் பையன்கள் கிளம்புகிறார்களாம். மடவைக்கு அங்கே ‘கைங்கா’ என்று பெயர். கடுகு அரைத்துக் குழம்பு வைப்போம், அதற்கு ‘பெசரா’ என்று பெயர் என்றான். “கடுகெண்ணெயிலா?” என்றேன். வேறு எதில் என்பதுபோலப் பார்த்தான்.

எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கு மெசேஜ் போட்டது இவனுக்கா, இவன் கூட்டாளிக்கா, வேறு யாருக்காவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இருக்கலாம் என்றுதான் கேட்காமல் விட்டேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தப் போர்ஷனுக்கு வந்த குடும்பம் இந்த சித்திரையில் காலிசெய்தது. அம்மாவிடம் பேசினேன். ஒரே தடவையில் சம்மதிக்கவில்லை. நாலு நாள் போனது. பயத்தைச் சொன்னாள். மேஸ்திரி பொறுப்பு, ஆதார் நகல், இரண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்றெல்லாம் பேசி முடித்தோம். பிறகு, “அட்வான்ஸ் மட்டும் கொஞ்சம் கூடக் கேளு, வெளியூர்ப் பசங்க” என்றாள். முன்னால் இருந்தவர்களிடம் வாங்கிய அதே தொகைதான் என்றேன். அதற்கு ஒரு சண்டை.

கடைசியில் ஒத்துக்கொண்டாள். போனை வைக்கப்போனவள் திரும்பக் கூப்பிட்டாள்.

“தபாரு, அந்த மெஷின்ல இந்தி எழுதி அனுப்பாத. நேர்ல வந்து பேசு. கடுகெண்ணெ காய வெக்கறப்ப பின்கதவத் தொறந்து வெச்சிக்கச் சொல்லு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”